லேசிக் செய்யலாம் என்று சொல்லி 38,500 வாங்கிக்கொண்டார்கள், கடும் கிட்டப்பார்வை உள்ளவர்கள் கவனம்

38,500 ரூபாய். அம்மா சீட்டு எடுத்த பணம். திருப்பித் தர முடியாது என்று இன்று காலை முடிவாகச் சொல்லிவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தங்கச்சிக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 10 பவர். லேசிக் என்றால், கண்ணின் முன்பக்கத் தெளிவான படலமான கருவிழியை லேசரால் கரைத்துக் கண்ணாடியை விட வைக்கிற ஆபரேஷன். விளம்பரம் பார்த்து, பாலக்காட்டுப் பக்கம் ஒரு தனியார் கண் மையத்துக்குப் போனோம். சுற்றிலும் எல்லாரும் மலையாளத்தில் பேச, வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அம்மா மட்டும் எங்கள் தமிழில் பேசினார். அப்பாவைக் கைபிடித்து உட்கார வைத்து, "நம்ம ஊர்க்காரங்களை ஏமாத்துவனாங்கப்பா? இருபது நிமிஷ வேலை" என்றார். அந்தப் பேச்சில்தான் விழுந்தோம். தங்கச்சி அன்று காலைவரை காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தாள்; அதனால் கருவிழி அளவு தவறாக வரலாம். யாரும் கேட்கவில்லை. கண்ணாடிச் சீட்டை மட்டும் பார்த்து, லேசிக் செய்யலாம் என்று சொல்லி 38,500 வாங்கிக்கொண்டார்கள்.

ஆபரேஷன் நாளன்றுதான் கருவிழித் தடிமனை அளந்தார்கள். 470 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. "லேசிக் ஆகாது, கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கணும், இன்னும் ஒரு லட்சம் கட்டுங்க." பச்சை உடுப்போடு உட்கார்ந்து அழுதாள் பிள்ளை. எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன்.

கோயம்புத்தூரில் வேறொரு டாக்டர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பவருக்குக் குறைந்தது 12 மைக்ரான் கரைக்க வேண்டும், பத்துக்கு 120. லேசர் விடுவதற்காகக் கருவிழியில் வெட்டி மேலே தூக்குகிற மெல்லிய மடல் 110. அடியில் 250 மிஞ்சாவிட்டால் கருவிழி நாளடைவில் முன்னால் பிதுங்கிப் பார்வை கெட்டுவிடலாம். இவளுக்கு மிஞ்சுவது 240. முதல் நாளே அளந்திருந்தால் தெரிந்திருக்குமே! மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்தார், ஓரத்தில் மெலிந்திருக்கிறதாம். எந்த ஆபரேஷன் செய்தாலும் கண்ணாடிதான் போகும், விழித்திரை விலகுகிற அபாயம் போகாது என்றார். அந்த மையத்தில் இதை ஒருத்தரும் சொல்லவில்லை.

பணம் கேட்டால், அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு. அடுத்த வாரம், மேனேஜர் எர்ணாகுளம் போயிருக்கிறார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. இன்று நேரில் போனால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள்: முன்பணம் திருப்பித் தரப்படாது, பொடி எழுத்தில், மலையாளத்தில். அப்பா தமிழ்ப் பள்ளியில் படித்தவர், அவருக்கு அது எப்படித் தெரியும்? தமிழில் பேசிய அந்த அம்மா தலை நிமிரவே இல்லை.

விவரமாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. கருவிழி வடிவம் காட்டும் ஸ்கேன், கருவிழித் தடிமன், விழித்திரை, மூன்றும் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அளப்பதற்கு முன் காண்டாக்ட் லென்ஸை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். உள்ளே லென்ஸ் வைப்பதென்றால் கண்ணுக்குள் இடம் போதுமா என்று அளக்கச் சொல்லுங்கள்; கண்புரையும் கண் அழுத்தமும் வர வாய்ப்புண்டு. ரசீதைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

38,500 ரூபாய் ரசீது கையில் இருக்கிறது. திங்கட்கிழமை பாலக்காடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.