ஜிஎன்பை: ரூட் சொல்வதில் சுமார், ரூட்டைச் சோதிப்பதில் அபாரம்

பைபரில் ஒளியாகத் தகவல் அனுப்பும் ஆப்டிகல் நெட்வொர்க்கில் ஓர் இணைப்புக்கு வழி பார்ப்பது, இன்டர்நெட் தகவலுக்கு வழி காட்டும் ஐபி ரூட்டிங் மாதிரி கிடையாது. வழி இருந்தால் மட்டும் போதாது, போகப் போக, சிக்னலைப் பெருக்கும் ஒவ்வோர் ஆம்ப்ளிபயரும் இரைச்சலைக் கூட்டும், நடுவில் அலைநீளத்தை மாற்ற வசதி இல்லையென்றால் முதல் பைபரிலிருந்து கடைசி பைபர்வரை ஒரே அலைநீளம் காலியாகவும் இருக்கணும். இதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்கிற மென்பொருள் டெலிகாம் இன்ஃப்ரா ப்ராஜெக்ட் என்ற அமைப்பு வெளியிடும் ஜிஎன்பை (GNPy). பைத்தானில் எழுதியது, இலவசம், மூலநிரல் திறந்தே கிடக்கிறது, ஒரே கம்பெனியின் பெட்டியோடு கட்டிப்போடாது.

கூடவே வரும் மாதிரி நெட்வொர்க்கில் லானியோன், ப்ரெஸ்ட், ரென் என்று பிரான்சின் பிரித்தானி ஊர்கள் இருக்கின்றன. எக்செல் தாளில் ஊர்கள், லிங்க் நீளம், எங்கிருந்து எங்கே எவ்வளவு வேகம் வேண்டும் என்று நிரப்பினால் போதும். பவர் கூடினால் பைபரே சிக்னலைக் கெடுக்கிற நான்லீனியர் தொல்லையையும் சேர்த்து, கடைசியில் சிக்னல் எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடும். தேறாவிட்டால் வழியே இல்லையா, ஸ்பெக்ட்ரம் (காலி அலைநீள இடம்) இல்லையா, எந்த மோடும் (சிக்னலை அனுப்பும் முறை) தாங்காதா என்று காரணமும் வரும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

குறை, வழி தேடும் பகுதியில். கிலோமீட்டரில் எது குறைவோ அதையே முதலில் எடுக்கிறது. ஆனால் 120 கிமீ ஸ்பான் (ஓர் ஆம்ப்ளிபயரிலிருந்து அடுத்ததுவரை உள்ள பைபர்) இரண்டு உள்ள 240 கிமீ வழியைவிட, 80 கிமீ ஸ்பான் நான்கு உள்ள 320 கிமீ வழியில்தான் ஆம்ப்ளிபயர் இரைச்சல் குறைவு. ஸ்பான் நீளமானால் இழப்பு கூடும், ஆம்ப்ளிபயர் அதிகம் பெருக்கணும், இரைச்சலும் ஏறும். கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் இழப்பு, ஒரே மாதிரி ஆம்ப்ளிபயர், ஒரே பவர் என்று வைத்துப் பாருங்கள், நீளமான வழியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வரும். அந்த வழிதான் வேண்டும் என்றால் இடையில் வரவேண்டிய ஊர்களை நாமே எழுதிக் கட்டாயப்படுத்தணும். ஸ்பெக்ட்ரமும் அப்படித்தான், வரிசையாக வரும் கோரிக்கைகளுக்கு முதலில் கிடைக்கும் காலி இடத்தையே கொடுக்கிறது, அதனால் வரிசையை மாற்றினால் விடையும் மாறலாம். வரிசையை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள், பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பெரிய வேலையில்லை.

அப்புறம், கூட வரும் கருவிக் கோப்பில் (ஆம்ப்ளிபயர் போன்ற கருவிகளின் விவரம் உள்ள கோப்பு) உள்ள எண்கள் வெறும் மாதிரிதான். உங்கள் ஆம்ப்ளிபயரின் இரைச்சல் எண்ணைப் போடாமல் வரும் விடையை வைத்து எதையும் வாங்கிவிடாதீர்கள்.