புழலா, பூண்டியா: சென்னைக்குத் தண்ணீர் தேடிய இரு வழிகள்

வெள்ளையர் ஆட்சியில் சென்னைக்குக் குடிநீர் கொடுக்க இரண்டு வழிகள் கையாளப்பட்டன. 1870களில் எடுத்தது சிக்கன வழி. ஏற்கெனவே இருந்த புழல் ஏரியைப் பெரிதாக்கி, கொசஸ்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு எழுப்பி, நீரைச் சோழவரம் வழியாகப் புழலுக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம்! வழியில் எது விழுந்தாலும் குடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். மணல் வடிகட்டிகளும் மூடிய குழாய்வழியும் 1914 வாக்கில்தான் வந்தன.

இதன் பெரிய குறை வேறு. தாமரைப்பாக்கம் அணைக்கட்டு நீரைத் திருப்பும், தேக்காது. பெருவெள்ளத்தில் கால்வாய் கொண்டது போக, மிச்சமெல்லாம் எண்ணூர்க் கடலுக்குத்தான்.

இரண்டாவது வழியான பூண்டி நீர்த்தேக்கம் அந்த மிச்சத்தைப் பிடிக்கக் கட்டப்பட்டது. அதே ஆற்றில், தாமரைப்பாக்கத்துக்கு மேலே, 1944இல் முடிந்தது. மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி திறப்பைப் பார்க்கவில்லை, 1943இலேயே காலமானார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் நிலைத்தது.

கொள்ளளவில் இன்று இரண்டும் ஏறத்தாழ ஒன்றே: புழல் 3,300, பூண்டி 3,231 மில்லியன் கன அடி. பொறியியலில் என் ஓட்டு பூண்டிக்கு. ஆனாலும் பூண்டியில் திறந்துவிட்ட நீர் ஆற்றோடு இறங்கி, அந்தப் பழைய அணைக்கட்டில் திரும்பித்தான் நகரத்துக்கு வந்தது. பூண்டியிலிருந்து சோழவரத்துக்கு இணைப்புக் கால்வாய் வந்தது 1970களில்.