பனி, தேயிலை, கடை போர்டு: ஜேபெக்கா, வெப்பியா, ஏவிஐஎஃப்பா?

குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதில்தான் எனக்குப் பாதி வருமானம். அந்த வெப்சைட்டுகளில் எழுத்து கொஞ்சம், படம் நிறைய. தேக்கடி ஏரி, தேயிலைச் சரிவு, பனி, காயப்போட்ட ஏலக்காய், மாடி அறை ஜன்னல். அவற்றைப் பார்ப்பவர்களில் பலர் கம்பத்திலிருந்து மலை ஏறுகிற வண்டியில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். லோயர்கேம்ப் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். படம் வர நேரமானால் அடுத்த ஹோம்ஸ்டேக்குப் போய்விடுவார்கள்.

படத்தைச் சுருக்கிச் சேமிக்க ஜேபெக், வெப்பி, ஏவிஐஎஃப் என்று மூன்று ஃபார்மட்டுகள் என் முன்னால் உள்ளன. எதில் வைப்பது என்பதுதான் கேள்வி. ஜேபெக் 1992-இல் தரப்படுத்தப்பட்டது. வெப்பியை 2010-இல் கூகுள் கொண்டுவந்தது. விபி8 என்ற வீடியோ கோடெக்கின் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) ஒரு ஃபிரேமை எடுத்துப் படமாக்கிய வேலை அது. ஏவிஐஎஃப் 2019-இல் வந்தது, ஏவி1 வீடியோ கோடெக்கிலிருந்து. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏவிஐஎஃப் முதலில், அதைத் திறக்கத் தெரியாத போனுக்கு ஜேபெக். நடுவில் வெப்பி வைப்பதை நிறுத்திவிட்டேன்.

சாதாரணமாக இந்த ஒப்பீட்டை எல்லோரும் ஃபைல் அளவை வைத்தே செய்வார்கள். நான் படத்தில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவேன்.

முதலில் பனி. செல்லார்கோவிலில் நின்று கீழே கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து எடுத்த படம் என்று வையுங்கள். முக்கால்வாசி வெள்ளை, அது மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகி நீலத்தில் போய்ச் சேரும். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்குகிறது. தரத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் பனிக்குள் அந்தக் கட்டங்கள் தெரிய ஆரம்பிக்கும். வெப்பி கட்டங்களின் ஓரத்தைத் தேய்த்து மறைத்துவிடும், ஆனால் நிறம் மாறுகிற இடத்தில் படிப்படியாகக் கோடு விழும், ஏனென்றால் நிறத்தின் படிகளைக் குறிக்க அதற்கு 8 பிட்டுக்கு மேல் தெரியாது (பிட் கூடினால் படிகளும் கூடும்). ஏவிஐஎஃப் 10 பிட்டில் எழுதும், 12 பிட்டிலும் எழுதும். பெரிய கட்டங்களையும் கையாளும். ஃபைல் ஜேபெக்கின் பாதிக்கும் கீழே போனாலும் பனி பனியாகவே இருக்கிறது. ஒன்று மட்டும்: கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா ஃபைலிலிருந்து நேராக மாற்ற வேண்டும். ஏற்கெனவே சுருக்கிய ஜேபெக்கைக் கொடுத்தால் அதன் கட்டங்களையும் சேர்த்து அக்கறையாகக் காப்பாற்றிக் கொடுக்கும்.

தேயிலைச் சரிவுக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறும். வீடியோவில் ஒரு ஃபிரேம் கண்ணில் படுவது ஒரு நொடியின் சிறு துண்டுதான், அதனால் பொடி விவரங்களைத் தேய்த்துவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. வீடியோவிலிருந்து வந்த இந்த இரண்டுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. தரத்தைக் கீழே இறக்கினால் கொழுந்து கொழுந்தாகத் தெரிய வேண்டிய சரிவு, இஸ்திரி போட்ட பச்சைப் போர்வை மாதிரி ஆகிவிடுகிறது. பனிக்கு வைத்த தர எண்ணைத் (எவ்வளவு சுருக்குவது என்ற அளவு) தேயிலைக்கும் வைத்தால் இதுதான் நடக்கும். தர எண்ணை ஏற்றினால் கொழுந்து திரும்ப வரும், ஃபைலும் ஏறும். மொஸில்லாவின் மொஸ்ஜேபெக் என்ற ஜேபெக் சுருக்கும் கருவியில் கவனமாகச் சுருக்கிய ஜேபெக்குக்கும் ஏவிஐஎஃப்புக்கும் இங்கே பெரிய இடைவெளி இல்லை. ஏவிஐஎஃப் ஜெயிக்கும், ஆனால் மூச்சு வாங்கித்தான் ஜெயிக்கும். எல்லாப் படத்துக்கும் ஒரே எண் வைக்கும் வெப்சைட் ப்ளக்இன்கள் (கூடுதல் கருவிகள்) மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம்.

வெப்பியை நான் கைவிட்டது கடை போர்டில். குமுளிக் கடைத்தெருவில் ஏலக்காய், மிளகு, தேன் என்று தமிழிலும் மலையாளத்திலும் சிவப்பு எழுத்தில் எழுதிய போர்டு ஒன்று, பின்னணி கரும்பச்சை. இழப்புடன் (சில விவரங்களை விட்டுவிட்டு) சுருக்கும்போது வெப்பி எப்போதும் நிறத்தைப் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் சேமிக்கும். வெளிச்சம் முழு அளவில் இருக்கும், நிறம் நான்கில் ஒரு பங்கு. இலை, வானம், முகம் எதிலும் இது தெரியாது. கரும்பச்சைமேல் சிவப்பு எழுத்தில் தெரியும்: ஓரம் கசிந்து, 'ன்' மேல் உள்ள புள்ளி மங்கி, மலையாள எழுத்தின் சுழிகள் அடைத்துப்போய்விடும். கூர்மையாக்கும் ஆப்ஷன் ஒன்று உண்டு, கொஞ்சம் காப்பாற்றும். ஜேபெக்கிலும் ஏவிஐஎஃப்பிலும் நிறத்தை முழு அளவில் வைக்கச் சொல்ல வழியே இருக்கிறது.

சரி, வெப்பிக்கு வேலையே இல்லையா? உண்டு. பின்னணி இல்லாத லோகோ, ஸ்க்ரீன்ஷாட் போன்றவற்றை இழப்பில்லாமல் சுருக்குவதில் பிஎன்ஜி என்ற பழைய ஃபார்மட்டை விட நன்றாகச் செய்யும். அதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பிரவுசர் கணக்கு இப்படி. வெப்பியை சஃபாரி 2020-இல் ஏற்றுக்கொண்டது. ஏவிஐஎஃப்பை குரோம் 2020-இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2021-இலும், சஃபாரி 2022-இலும் ஏற்றன. எட்ஜ் ஆற அமர 2024 ஜனவரியில் வந்தது. ஐஃபோனில் ஏவிஐஎஃப் ஐஓஎஸ் 16-உடன்தான் வந்தது. ஐஃபோன் 7 மாதிரி ஐஓஎஸ் 16 கிடைக்காத போன்களில் வெப்பி திறக்கும், ஏவிஐஎஃப் திறக்காது. அந்த ஒரு கூட்டத்துக்காக ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு அளவிலும் மூன்றாவது நகல் வைக்க வேண்டுமா? அவர்களுக்கு ஜேபெக் போகட்டும். 2023 செப்டம்பரில் வெப்பியைத் திறக்கும் மென்பொருள் நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தபோது குரோம், ஃபயர்ஃபாக்ஸ் தொடங்கி எலெக்ட்ரானில் (குரோமின் உள்ளமைப்பை வைத்து ஆப் செய்யும் கருவி) செய்த ஆப்கள் வரை வரிசையாக அப்டேட் கேட்டன. அதற்காக வெப்பியைக் குற்றம் சொல்ல மாட்டேன். எந்த டிகோடருக்கும் (படத்தைத் திறக்கும் மென்பொருள்) அது வரலாம்.

ஏவிஐஎஃப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, மலைப்பாதையில் அது கண்ணுக்கு மெதுவாகத் தெரியும். ப்ரோக்ரெசிவ் ஜேபெக் முதலில் மங்கலாக முழுப் படத்தையும் காட்டி, அப்புறம் தெளிவாகிக்கொண்டே வரும். ஏவிஐஎஃப் பெரும்பாலும் முழுதாக வந்த பிறகுதான் முகம் காட்டும். பெரிய படம் 2.5 நொடிக்குள் வர வேண்டும் என்கிற கூகுளின் அளவுகோல் அந்த மங்கல் படத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. வண்டியில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அதனால் முகப்புப் படத்தின் அகலத்தைப் போனுக்குத் தக்கபடி குறைத்துவிடுகிறேன். ஃபார்மட்டை விட அதில்தான் மிச்சம் அதிகம். இரண்டாவது, உருவாக்க நேரம். மலிவான ஹோஸ்டிங்கில் பெரிய படத்தை ஏவிஐஎஃப் ஆக்கச் சொன்னால் சர்வர் திணறும். வேர்ட்பிரஸ் 2024-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து ஏவிஐஎஃப்பை ஏற்கிறது, ஆனால் சர்வரில் உள்ள பட நூலகமும் புதிதாக இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே மாற்றி ஏற்றிவிடுவேன்.

இத்தனையும் நல்ல மூலப்படம் கையில் இருந்தால்தான். அதைக் கேட்டு ஹோம்ஸ்டேகாரர்களிடம் நான் பேசுவது இப்படி:

"சேட்டா, வாட்ஸப்பில் ஃபோட்டோவாக அனுப்பாதீங்க, டாக்குமெண்ட்டாக அனுப்புங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?"

ஒன்றில்லை. ஃபோட்டோவாக அனுப்பினால் வாட்ஸப் சுருக்கிவிடும். அதற்குப் பிறகு நான் எந்த ஃபார்மட்டில் வைத்தாலும் வித்தியாசம் இல்லை. ஐஃபோன்காரர் டாக்குமெண்ட்டாக அனுப்பினால் பெரும்பாலும் ஹெய்க் ஃபைல் வரும். 2017-லிருந்து ஆப்பிள் அதில்தான் சேமிக்கிறது, சஃபாரி தவிர வேறு பெரிய பிரவுசர் காட்டாது. அதை மாற்றுவது என் வேலை.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல். வெப்சைட்டில் படத்தை அழுத்திப் பிடித்துச் சேமித்து, அந்த ஏவிஐஎஃப்பை ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்புகிறார்கள். கடைக்காரரின் பழைய சாஃப்ட்வேர் அதைத் திறப்பதில்லை. உடனே எனக்குப் போன். அதனால் "படத்தை இறக்கிக்கொள்ள" என்று ஒரு இணைப்பு வைத்து அதில் ஜேபெக்கைக் கொடுக்கிறேன். வாட்ஸப்பில் லிங்க் பகிரும்போது வரும் சின்னப் படத்துக்கும் ஜேபெக்தான்.

நான்காவதாக ஜேபெக் எக்ஸ்எல் என்று ஒன்று இருக்கிறது. தேயிலை போன்ற படங்களில் அது பொடி விவரத்தை நன்றாகவே காப்பாற்றுகிறது, ப்ரோக்ரெசிவாகவும் வரும். 2022-இல் கூகுள் அதை குரோமிலிருந்து எடுக்கப் போவதாகச் சொன்னது. 2023-இல் ஆப்பிள் சஃபாரியில் சேர்த்தது. 2025 இறுதியில், ரஸ்ட் மொழியில் எழுதிய டிகோடர் என்றால் திரும்பச் சேர்க்கலாம் என்று குரோம் தரப்பும் இறங்கி வந்தது. எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் தானாகத் திறக்கும் வரை வாடிக்கையாளர் வெப்சைட்டில் அதை வைக்க மாட்டேன். என் பழைய ஜேபெக் ஃபோல்டர்களை மட்டும் அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஐந்தில் ஒரு பங்கு இடம் மிச்சமாகிறது, வேண்டும்போது அதே ஜேபெக்கை ஒரு பிட்டும் மாறாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.