பழைய கட்டடம் பிரிக்கிற காண்ட்ராக்ட்: நெல்லைப் பக்கம் யாரை நம்பி எதைக் கொடுக்கலாம்?

டவுன் ரதவீதியிலோ, பாளையங்கோட்டையிலோ, கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்திலோ ஒரு பழைய சுண்ணாம்புக் காரை வீடு கைமாறுகிறது என்று பேச்சு கிளம்பினாலே போதும், பிரிப்புக் காண்ட்ராக்டர் வாசலில் நிற்பார். பழைய கிட்டங்கி (சரக்குக் கிடங்கு), மூடிக்கிடக்கிற மில் என்றால் நாலு பேர் சேர்ந்தே வருவார்கள். வசனம் எல்லோருக்கும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, இது தாங்காது. நீங்க ஒரு பைசா தரவேண்டாம், நாங்க தாரோம். பதினஞ்சு நாள்ல மனையாக் குடுத்திருதோம்."

இந்தச் சேவையில் கைத்திறமைக்குக் குறைவு சொல்ல முடியாது. பழைய கட்டடத்தை அடுக்கடுக்காகக் கழற்றத் தெரிந்த ஆட்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கட்டடம் நிற்குமா நிற்காதா என்று தீர்ப்புச் சொல்கிறவரும், அதன் மரத்தையும் இரும்பையும் விலைபோட்டு எடுத்துப்போகிறவரும் ஒரே ஆள். அவர் வாயிலிருந்து "நிற்கும்" என்ற சொல் வர வழியே இல்லை. அதனால் முதல் செலவாக, வாங்கல் விற்பலில் சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியருக்குக் கட்டணம் கொடுத்துக் கட்டடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே சுண்ணாம்பு வேலை தெரிந்த வயசான கொத்தனார் ஒருவர் இருந்தால் நல்லது.

"தாங்காது" என்பதற்குக் காண்ட்ராக்டர் காட்டும் சாட்சி பெரும்பாலும் மட்டப்பா என்கிற தட்டைக் கூரையின் ஒழுக்குதான். அந்த மட்டப்பா எப்படிப் போட்டது என்று தெரிந்தால் சாட்சியை எடைபோடலாம். சுவருக்குச் சுவர் ஒன்றரை அடிக்கு ஒரு கட்டை. அதன்மேல் ஓர் அங்குல கனமுள்ள சின்னச் செங்கலை மூலைவாட்டில் குத்துக்குத்தாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் மூன்று அங்குலம், சில வீடுகளில் நாலு அங்குலம், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம் அது. கடைசியில் தட்டை ஓடு. இந்தக் கூரை மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். இதன்மேல் சிமெண்ட் பூசி, அதற்கும் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர் மேலே போக வழியில்லாமல் கட்டையின் முனைக்கு வந்து நிற்கும். சுவருக்குள் புதைந்திருக்கிற அந்த ஒரு ஜாண் முனைதான் முதலில் உளுக்கும். நடுக்கட்டை கல்லு மாதிரி இருக்கும்.

சோதிக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ஏணி போட்டு, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழைகிற இடத்தில் அழுத்திக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் முனை போய்விட்டது. சுத்தியலால் தட்டினால் நல்ல கட்டை கணீரென்று பேசும், கரையான் தின்றது மொத்தையாக ஒலிக்கும். ஒரு அறையில் இரண்டு மூன்று முனைதான் போயிருக்கிறது என்றால், சுவரை ஒட்டி இரும்பு ஆங்கிளோ சின்ன கர்டரோ கொடுத்துத் தாங்கிவிடலாம், வீட்டை இடிக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் தண்ணீர் நின்ற வீடுகளுக்கும் இது பொருந்தும். சுண்ணாம்புச் சுவர் உப்புப் பூத்துக் காரை பெயர்ந்தால் உடனே சுவர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, திரும்பச் சுண்ணாம்பே பூச வேண்டும். அவசரப்பட்டு சிமெண்ட் பூசினால் அடுத்த ஐப்பசிக்குள் அதுவும் பெயரும். டவுனையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற சுலோச்சன முதலியார் பாலம் 1843-இல் திறந்தது. சுண்ணாம்புக் கட்டு தாங்காது என்பவரை அந்தப் பாலத்தில் ஒருதடவை நடக்கச் சொல்லலாம்.

பிரித்தே ஆக வேண்டும் என்று முடிவானால், இங்கே கிடைக்கும் சேவை இரண்டு வகை.

கையால் பிரிக்கிற கூட்டம்தான் நமது முதல் தேர்வு. ஆசாரி ஒருவர், கொத்தனார் இருவர், கையாள் ஆறேழு பேர். மேலிருந்து கீழே வருவார்கள்: ஓடு, அதைத் தாங்கும் ரீப்பர் சட்டம், சரிவாக நிற்கிற கைமரம், பெரிய உத்திரம், பிறகு சுவர், கடைசியில் கதவு நிலை. கட்டும்போது எது கடைசியில் ஏறியதோ அது முதலில் இறங்கும். சீமை ஓட்டை ஒருவர் கழற்ற, கைமாற்றிக் கீழே இறக்கினால் பெரும்பகுதி முழுசாக வரும். 100 சதுர அடிக் கூரைக்குச் சுமார் 150 ஓடு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டால், எத்தனை உடைந்தது என்று சாயங்காலமே தெரிந்துவிடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் கொத்துக்கரண்டியால் தட்டினாலே சுத்தமாகப் பிரியும், திரும்பக் கட்டலாம். சிமெண்டில் கட்டியது பிரியாது, உடையும். இந்த ஒரு காரணத்துக்காகவே காரை வீட்டுச் செங்கலுக்குத் தனியாக விலை பேசுங்கள்.

ஜேசிபிக்காரர் வேகம். மனை அவசரம் என்றால் ஆசையாக இருக்கும். ஆனால் பக்கெட் ஒருதடவை தள்ளினால் உத்திரம் முறியும், நிலை பிளக்கும், தேக்கு விறகு விலைக்குப் போகும். மரமெல்லாம் இறங்கிய பிறகு, தனியாக நிற்கிற சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் மட்டும் ஜேசிபியை விடலாம். அக்ரகாரத் தெருக்களிலும், ஒரே வாசலுக்குள் வரிசையாக ஒட்டிக் கட்டிய வளவு வீடுகளிலும் அதற்குக்கூட விடக்கூடாது.

வளவு வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். உங்கள் முன்கூடமான பட்டாசலின் கட்டையும் பக்கத்து வீட்டுக் கட்டையும் அதே சுவரில் எதிரெதிராக முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உங்கள் கட்டையை நெம்பி உருவினால் சுவருக்குள் பொந்து விழும், பக்கத்துக் கட்டையின் இருக்கை தளரும். உருவாமல், சுவர் முகத்தோடு ஒட்ட ரம்பத்தால் அறுக்க வேண்டும். உள்ளே நிற்கிற துண்டை ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த கையோடு செங்கலும் சுண்ணாம்பும் வைத்து அடைக்க வேண்டும். அறுத்தால் ஒரு கட்டைக்கு ஒரு ஜாண் நீளம் குறையும் என்பதால் காண்ட்ராக்டர்கள் உருவத்தான் பார்ப்பார்கள். "பொதுச்சுவரில் அறுப்பு மட்டுமே, உருவல் கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட வைத்துக்கொண்டு, இருக்கிற விரிசலையெல்லாம் தேதி தெரியப் போட்டோ எடுத்துக்கொள்வதும் நல்லது. பின்னால் வருகிற பஞ்சாயத்தில் பாதி அப்போதே முடிந்துவிடும்.

மில், கிட்டங்கி, சாராய வடிசாலை மாதிரியான பழைய தொழிற்கூடங்கள் வேறு ஜாதி. அவற்றை வீடு பிரிக்கிற கூட்டத்திடம் கொடுப்பது ஆபத்து. இரும்பு கர்டர்களுக்கு நடுவே செங்கல் வளைவு கட்டிய கூரை இந்தக் கட்டடங்களில் சாதாரணம். ஒவ்வொரு வளைவும் பக்கத்து வளைவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒன்றை உடைத்தால் இரு பக்கத்து வளைவுக்கும் எதிர்த்தள்ளு போய்விடும், கர்டர் பக்கவாட்டில் நகரும், வரிசையாக இறங்கும். கர்டர்களைக் குறுக்கே கோக்கிற இரும்புக் கம்பியைப் பழைய இரும்பு என்று முதல் நாளே அறுத்துப் போடுகிறவர்களும் உண்டு. அறுத்த அன்றே கூரை கீழே வரலாம். முட்டுக் கொடுத்த பிறகே வளைவில் கை வைக்க வேண்டும், கம்பி கடைசி. ஐ.எஸ். 4130 என்கிற இடிப்புப் பாதுகாப்பு விதித்தொகுப்பைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள், பதில் சொல்லத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். உடைத்துத் தள்ளினால் தூசு நுரையீரலுக்குப் போகும்.

இந்த மாதிரிக் கட்டடங்களை இடிக்கத்தான் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. பெங்களூர் விட்டல் மல்லையா சாலையில் பழைய பீர் ஆலை நின்ற இடத்தில் இன்று யுபி சிட்டி என்ற வணிக வளாகம் நிற்கிறது, ஆலை இல்லை. தூணில்லாத பெரிய கூடம், உயரமான கூரை, கனத்த சுவர் என்று பழைய ஆலைக்கு இருக்கிற வசதியை இன்று கட்டக் கேட்டால் எஸ்டிமேட்டைப் பார்த்து மயக்கம் வரும். நம் பக்கம் மூடிக்கிடக்கிற ரைஸ் மில்களில் சில கல்யாண மண்டபமாக மாறியிருக்கலாம். யாரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் எரிச்சல்.

இனி அளவு. மரத்துக்குக் கணக்கு: அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 8-க்கு 10 உத்திரம் 16 அடி நீளம் என்றால் 8.9 கன அடி. "ஆணி ஓட்டை, மேல்தோல் கழிவு" என்று அகலத்திலும் கனத்திலும் ஓரங்குலம் கழித்தால் அதுவே 7 கன அடி ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. அழுகிய முனையை நீளத்தில் கழிப்பது நியாயம், அகலத்திலும் கனத்திலும் கழிப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். அளவை மரம் இறங்கின இடத்திலேயே, சாக்பீஸில் எண் போட்டு, இரண்டு நோட்டில் எழுதுங்கள். ராத்திரி லோடு ஏற்ற விடவே கூடாது.

பனங்கை, அதாவது பனைமரத்தில் அறுத்த கூரைச் சட்டம், அந்த விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். கறுத்து நார் இறுகிய முற்றின பனங்கையை "ஓலைக்குடிசைச் சாமான்" என்று சும்மா வாங்கிப்போவார்கள். தோட்டத்துக் கொட்டகைக்கும் மாட்டுத்தொழுவுக்கும் அதற்கு ஈடு கிடையாது. ஆட்டுக்கல், படிக்கல், கல்தூண், பித்தளைக் குமிழ் எல்லாம் யாருக்கு என்று பட்டியலில் எழுதாவிட்டால் அவை காண்ட்ராக்டருக்குத்தான்.

பழைய மரக்கடைகளில் வாங்குகிறவர்களுக்கு மூன்றே விஷயம். எல்லாக் கடையிலும் எல்லாத் தேக்கையும் பர்மாத் தேக்கு என்றுதான் சொல்வார்கள். மறைவான இடத்தில் உளியால் ஒரு சீவு சீவச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தோல் வாடையும் வந்தால் தேக்கு என்பது வரைக்கும் நிச்சயம், எந்த ஊர்த் தேக்கு என்பது கடைக்காரர் வாய்ச்சொல். கதவு பளபளவென்று இருந்தால் காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறப்போட்டு பெயிண்டை எடுத்ததா என்று கேளுங்கள். ஊறின கதவில் மூட்டு தளர்ந்திருக்கும், ஓரத்தில் மரம் பஞ்சாகியிருக்கும். நிலையின் உயரத்தையும் அளந்து வாங்குங்கள். பழைய நிலை பல ஆறடிக்குக் குறைவு, இன்றைய 7 அடி வாசலுக்கு ஒட்டுப்போட வேண்டிவரும்.

காகித வேலை: மாநகராட்சியில் இடிப்பு அனுமதி, மின்வாரியத்தில் இணைப்புத் துண்டிப்பு, தண்ணீர்க் குழாய் அடைப்பு. மூன்றும் முடிந்த பிறகே முதல் ஓடு இறங்க வேண்டும். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் மனை இருந்தால் அங்கே புதுக்கட்டடத்துக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு முன்அனுமதி. அதை இடிக்குமுன் பாருங்கள். இடித்த பிறகு வீட்டுவரியைக் காலிமனை வரியாக மாற்றவும் மனு கொடுக்க வேண்டும். வேலையைத் தை பிறந்ததும் தொடங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் கூரையைத் திறந்தால் நனைந்த சுவர் தானாக விழும்.

இடிபாடு எங்கே போகும் என்பதை மறக்காமல் கேளுங்கள். ஒன்றரை அடிச் சுவர், 10 அடி உயரம், 20 அடி நீளம் என்றால் 300 கன அடி, யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் 3 யூனிட். இடித்தால் பொங்கி 4 யூனிட்டுக்கு மேல் வரும். லோடுக்குச் செலவு என்பதால் புறவாசல் கிணற்றில் தள்ளி மூடிவிடுவது இங்கே வழக்கமாகிப் போயிற்று. பக்கத்திலேயே போர் போட்டுவிட்டு, தண்ணீரில் சுண்ணாம்பு வருகிறது என்று பிறகு புலம்புவார்கள். ஒப்பந்தத்தில் கிணற்றுக்குத் தனி வரி எழுதி, வேலை தொடங்குமுன் கிணற்று வாயில் கம்பி வலை போட்டுப் பூட்டிவிடுங்கள். கடைசித் தவணையைக் கிணற்றை எட்டிப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.