டெட்ராய்ட் புக் கேடிலாக் ஓட்டலில் ஒரு ராத்திரி

பெயரைக் கேட்டதும், "லைப்ரரி மாதிரி ஏதாவதாடா?" என்றார் அப்பா. புக் என்பது குடும்பப் பெயர். டெட்ராய்ட்டின் வாஷிங்டன் புலவார்ட் சாலையைப் பெரிய பணக்காரத் தெருவாக்க ஆசைப்பட்ட புக் சகோதரர்கள் மூவர், லூயிஸ் கேம்பர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு எழுப்பி 1924 டிசம்பரில் திறந்த ஓட்டல் இது. 30 மாடிக்கு மேல், 1,100 அறைக்கு மேல். அன்றைக்கு உலகிலேயே உயரமான ஓட்டல்.

அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறைக்குள் பெட்டியை வைத்த கையோடு சுவரைத் தட்டிப் பார்த்தார். "பழைய சுவர் இல்லடா, இது போர்டு."

சரிதான். 1984இல் மூடிய ஓட்டல் 24 வருஷம் பூட்டிக் கிடந்தது. பழைய உலோகம் விற்றுப் பிழைப்பவர்கள் உள்ளே புகுந்து செம்பு முதற்கொண்டு உரித்துக்கொண்டு போனார்கள். சுமார் 20 கோடி டாலர் செலவழித்து 2008இல் மறுபடி திறந்தார்கள். சின்ன அறைகளை ஒன்றாகச் சேர்த்ததில் 453 அறைகள் ஆயின. மேல்மாடிகள் சொந்தக் குடியிருப்புகளாகிவிட்டன.

அதனால் 1924ஐத் தேடிக்கொண்டு லாபியிலேயே நிற்காதீர்கள். மேலே வெனிஷியன் நடன மண்டபத்துக்குப் போங்கள். நாங்கள் போனபோது ஏதோ கல்யாணத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டதும் எட்டிப் பார்க்க விட்டார்கள். கூரையோரப் பூவேலையை அப்பா கழுத்து வலிக்கப் பார்த்தார். "அச்சு எடுத்து வார்த்திருக்கான். நல்ல கைக்காரன்" என்றார். அவர் வாயில் இது பெரிய பாராட்டு.

பேஸ்பால் பிடித்தவர்களுக்கு இன்னொன்று. இடைவிடாமல் 2,130 ஆட்டங்கள் ஆடிய லூ கெரிக், 1939 மே 2 அன்று "இன்றைக்கு என்னை எடுக்க வேண்டாம்" என்று அணியின் மேனேஜரிடம் சொன்னது இந்த ஓட்டலில்தான். நரம்பு நோய் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கிளம்புமுன் மிச்சிகன் அவென்யூவின் எதிர்ப்பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். அந்தோனி வேய்ன், கேடிலாக், பான்டியாக், ராபர்ட் நவார் என்று இந்த ஊர் வரலாற்றில் வரும் நான்கு பேர் சிலையாக நிற்கிறார்கள். கார் உதிரிபாகத்தில் பிழைப்பு நடத்தும் எனக்கு நடு இரண்டும் வண்டிப் பெயர்கள். கேடிலாக் 1701இல் இந்த ஊரை நிறுவிய பிரெஞ்சுக்காரர். பான்டியாக் 1763இல் இதே ஊர்க் கோட்டையை முற்றுகையிட்ட ஒடாவா பழங்குடித் தலைவர். இவர் அவர் என்று விரல் நீட்டி அப்பாவுக்கு விளக்கினேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டு பேரை மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.