மூன்றே நாளில் மூட்டுவலியைப் போக்கிய ‘மூலிகை’ மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை

மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து, விடுதி அறையிலோ திருமண மண்டபத்திலோ முகாம் நடத்தி, மூட்டுவலிக்குப் பரம்பரை மூலிகை மருந்து என்று சொல்லிப் பெயர் எதுவும் அச்சிடப்படாத கேப்சூல்களைப் பொட்டலத்தில் கட்டித் தருபவர்களிடம் மருந்து வாங்குவோருக்காக இதை எழுதுகிறேன். என் தாயாருக்கு அப்படி ஒருவர் கொடுத்த மருந்து என்ன செய்தது என்பதைத் தெரிந்துகொண்டால், அதே வகைப் பொட்டலம் உங்கள் வீட்டில் இருக்கும்போது அதை அடையாளம் காண்பது எளிதாக இருக்கும்.

அம்மாவுக்கு இருப்பது முடக்குவாதம், சித்த மருத்துவத்தில் சரவாங்கி என்று சொல்லப்படும் நோய். வயது ஏற ஏறக் குருத்தெலும்பு தேய்ந்து வரும் முழங்கால் வலியோ, யூரிக் அமிலம் மிகுந்து கால் பெருவிரலில் தொடங்கும் வலியோ அன்று. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் இது வருகிறது. பெரும்பாலும் இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் ஒருசேர வீங்கும், காலையில் எழுந்தால் நெடுநேரம் கை மடங்காது. இதற்கு மூட்டுவாத மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சாப்பிடும்படியும், அதனுடன் ஃபோலிக் அமிலமும், குறிப்பிட்ட கால இடைவெளியில் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருந்தார். (வாரம் ஒருமுறை என்பதை நாள்தோறும் என்று தவறாக எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, அந்த மாத்திரை உள்ள வீடுகளில் கிழமையை அட்டையிலேயே எழுதி வைப்பது நல்லது.) இந்த மருந்து பலன் காட்ட ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் மோசடிக்காரர்களுக்கு வேலை கிடைக்கிறது.

முகாமுக்கு வந்திருந்தவர் நாடி பார்த்தார், பழைய மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தார், இது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தாயிற்றே என்று அதிர்ந்தவர்போலப் பேசினார். பாதி உண்மையைக் கொண்டு அவர் செய்த வேலை அது. புற்றுநோய்க்குத் தரப்படும் அளவு வேறு, முடக்குவாதத்துக்குத் தரப்படும் சிறிய வார அளவு வேறு என்பதை அவர் சொல்லவில்லை. மெத்தோட்ரெக்ஸேட்டை அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு மாதத்துக்கு 4,500 ரூபாய் என்று பழுப்பு நிறத் தூள் அடைத்த கேப்சூல்களையும் ஒரு தைலத்தையும் கொடுத்தார். பத்தியமும் சொன்னார்: காலை உணவுக்குப் பின்புதான் சாப்பிட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், இனிப்பைத் தொடவே கூடாது, இடையில் ஒரு நாள்கூட விடக் கூடாது. நாட்டு மருந்துக்கு உரிய வழக்கமான பத்தியமாகவே அது எங்களுக்குப் பட்டது. வீக்கத்தை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை ஏறக்குறைய வரிக்கு வரி இதுதான் என்று பின்னர் மருத்துவமனையில் கேட்டபோது, அந்த மனிதருக்குத் தாம் என்ன கொடுக்கிறோம் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது என்ற முடிவுக்கே வர வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அம்மா தாமே தலை பின்னிக்கொண்டார். பசி எடுத்தது, முகத்தில் தெளிவு வந்தது, உறவினர்கள் அந்த முகாமின் முகவரியைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். இந்த வேகத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். முடக்குவாதத்தைச் சில நாட்களில் இப்படி மாயமாக அடக்குவது ஸ்டீராய்டு வகை மருந்துகளின் தனித்த குணம். 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடமாட முடியாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டபோது, அவர் சில நாட்களிலேயே எழுந்து நடந்தார். அதற்காக 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் தொடர்ந்து கொடுத்தால் என்ன கேடு விளையும் என்பதும் விரைவிலேயே தெரிந்தது. இன்றும் மூட்டுவாத மருத்துவர்கள் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள்; ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கும் வரை, குறைந்த அளவில், நோயாளியிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கிறார்கள்.

அடுத்த சில மாதங்களில் அம்மாவின் முகம் உருண்டு பருத்தது. கைகால் மெலிந்திருக்க வயிறு மட்டும் பெருத்தது, இலேசாக இடித்துக்கொண்ட இடமெல்லாம் கருநீலமாகக் கன்றியது, அதுவரை இல்லாத சர்க்கரை வந்தது. உடல் தேறி வருவதன் அடையாளம் என்றார் முகாம்காரர். பிறகு ஒரு மாதம் அவர் வரவேயில்லை, கைப்பேசியும் அணைந்திருந்தது. மருந்து தீர்ந்த சில நாட்களில் அம்மாவுக்கு வாந்தியும் கடும் சோர்வும் தொடங்கி, இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் மருத்துவர் முகத்தையும் தோலையும் பார்த்தவுடனே கேட்ட முதல் கேள்வி, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டார்களா என்பதுதான். காலையில் எடுத்த இரத்தத்தில், உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலின் அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. வெளியிலிருந்து நெடுநாள் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் உற்பத்தியை நிறுத்திவிடும். திடீரென்று அந்த வரவு நின்றால் உடல் தாங்காது. வேறு எந்த மருந்தும் சாப்பிடாதவருக்கு இது நேர்ந்ததற்கு அந்தக் கேப்சூலைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்பது மருத்துவர்களின் கருத்து. வலி தெரியாதிருந்த அந்த மாதங்களில் நோய் தன் வேலையை நிறுத்தவில்லை என்பதையும் எக்ஸ்ரே காட்டியது. வலக்கையின் இரண்டு விரல் மூட்டுகள் அரிக்கப்பட்டிருந்தன.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய தந்திரம் அன்று. 2022இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மூட்டுவலிக்கான துணை உணவாக விற்கப்பட்ட ‘ஆர்ட்ரி கிங்’ வகைப் பொருள்களில், மேலுறையில் குறிப்பிடப்படாத டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணியும் கலந்திருந்ததை ஆய்வகத்தில் கண்டறிந்து மக்களை எச்சரித்தது. டெக்சாமெத்தசோன் மிக மலிவான மருந்து, மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும். ஆகையால் எந்தச் சூரணத்திலும் அதை ஒளித்துவிடலாம், சுவையிலோ நிறத்திலோ தெரியாது.

புகார் கொடுக்கப் போனபோது எங்கள் கையில் எதுவும் இல்லை. ரசீது கிடையாது, பணம் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது, பொட்டலத்தில் எழுத்தே இல்லை. கடையில் விற்கப்படும் சித்த, ஆயுர்வேத மருந்தின் உறையில் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தொகுதி எண், சேர்மானங்கள் ஆகியவை இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தம் நோயாளிக்குத் தாமே மருந்து செய்து கொடுக்கும் பதிவு பெற்ற மருத்துவருக்கு உள்ள விலக்கின் நிழலில்தான் இந்த முகாம்காரர்கள் ஒதுங்குகிறார்கள். எனவே பதிவு எண்ணைக் கேளுங்கள். வாதநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதால், அவர்களுடைய துண்டறிக்கையைக் கிழிக்காமல் எடுத்து வையுங்கள். மருந்து ஆய்வாளரிடமும் மாவட்டச் சித்த மருத்துவ அலுவலரிடமும் காட்டுவதற்கு அது ஒன்றாவது இருக்கும்.

சித்த மருத்துவத்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்த முறையில்தான் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் உள்ள அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும் இருக்கின்றன. முடக்கத்தான் கீரைத் தோசையும் மிதமான வெந்நீர் ஒற்றடமும் யாரையும் கெடுத்ததில்லை. தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்கு உடல் எடையைக் குறைப்பதும் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் நன்றாகவே பயன்படுகின்றன. ஆனால் முடக்குவாதத்தில் மூட்டு அரிபடுவதைத் தடுக்கும் மருந்துக்கு இவை எவையும் மாற்று ஆகமாட்டா.

இப்படிப்பட்ட கேப்சூலை இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே தூக்கி எறிந்துவிட வேண்டாம். திடீரென நிறுத்தியதால்தான் அம்மா விழுந்தார். மீதமுள்ள கேப்சூல்களையும் பொட்டலத்தாளையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குத் தாமதமின்றிச் சென்று, ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுவதாக வாய்திறந்து சொல்லுங்கள். காலை நேரக் கார்ட்டிசால், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து அளவைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை அவர்கள் வகுத்துத் தருவார்கள். அதற்குள் வாந்தி, தலைசுற்றல், எழ முடியாத சோர்வு ஆகியவை தோன்றினால் 108ஐ அழையுங்கள்.