மாமனார் தூதரானார், மருமகன் போராளியானார்

ஒரே குடும்பத்தில் இந்தியக் கடற்படைக்கு இரண்டு தலைமைத் தளபதிகள். பெயரில்கூட இருவரும் ராம்தாஸ்தான்! ஓய்வுக்குப் பின்தான் ஆளுக்கொரு திசை.

செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி, 1958இல் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர். விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' படையில் சேர்ந்ததும், போர்ச்சுகீசியரிடமிருந்து கோவாவை மீட்ட நடவடிக்கையும் அவர் காலத்தில்தான். 1962இல் ஓய்வு, பிறகு பர்மாவில் இந்தியத் தூதர். சீருடை மாறியது, எசமான் மாறவில்லை.

அவருடைய மகள் லலிதாவை மணந்த எல். ராம்தாஸ், 1971 போரில் 'பியாஸ்' கப்பலை நடத்தி வீர் சக்ரா பெற்றவர். 1990 முதல் 1993 வரை தலைமைத் தளபதி. பெண்கள் கடற்படை அதிகாரிகளாகத் தேர்வானது அப்போதுதான். ஓய்வுக்குப் பின் மகாராஷ்டிரக் கடலோர ஊரான அலிபாக் பக்கம் குடியேறினார். போரிட்ட அதே பாகிஸ்தானோடு சமாதானம் வேண்டும் என்றார். அணு ஆயுதத்தை எதிர்த்தார். 2004இல் கிடைத்த மகசேசே விருதும் பாகிஸ்தானின் மனித உரிமைச் செயல்பாட்டாளர் ஐ.ஏ. ரஹ்மானோடு சேர்ந்துதான். ஆம் ஆத்மி கட்சிக்குள் புகார்களை விசாரிக்கும் 'உள் லோக்பால்' ஆகவும் இருந்தார். 2015இல் கட்சி அவரை நீக்கியது. 2024 மார்ச்சில், 90 வயதில் மறைந்தார்.

தூதர் பதவி கௌரவமானதுதான். ஆனாலும் என் ஓட்டு மருமகனுக்கே: ஓய்வூதியத்தோடு வசவையும் வாங்கத் துணிந்த தளபதிகள் இங்கே அதிகமில்லை.